பென்னிகுயிக்: இந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?

ஒரகடம் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவரின் ஐடி கார்டில் ‘பென்னிகுயிக்’ என்று பேர் இருந்தால், வெளிமாநிலத்திலிருந்து வந்த சக ஊழியர் குழம்பித்தான் போவார். பேர் வெள்ளைக்காரர் பேர், ஆளோ கம்பத்துக்காரர். தேனிப் பக்கத்து ஆட்களுக்கு இது சாதாரணம். அங்கே பிள்ளைகளுக்கு வைக்கிற பேர் அது.

பிரிட்டனில் இது அபூர்வமான குடும்பப் பேர். எடின்பரோவுக்குத் தெற்கே, சுமார் 16 கி.மீ. தூரத்தில் இருக்கும் சின்ன ஸ்காட்லாந்து ஊரின் பேர்தான் குடும்பப் பேராக மாறியது. அந்த ஊர்க்காரர்கள் சொல்வது ‘பென்னிகுக்’. பென்னி காசுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆங்கிலம் வருவதற்கு முன்பு அங்கே புழங்கிய, வேல்ஸ் மொழிக்கு உறவான பழைய மொழியில் ‘பென்’ என்றால் தலை, உச்சி. ‘கோக்’ என்றால் குக்கூ பறவை. ஆக, குக்கூ குன்று. நம்ம குயிலும் அதே பறவைக் குடும்பம்தான். தமிழில் எழுதும்போது பேருக்குள் ‘குயி’ வந்து உட்கார்ந்தது தற்செயல் என்றாலும், நல்ல பொருத்தம்.

ஜான் பென்னிகுயிக் பிறந்தது புனேயில், 1841 ஜனவரி 15 அன்று. எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, சிலியன்வாலா போரில் அப்பாவும் அண்ணனும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். இங்கிலாந்தில் படித்து, 1860இல் ராணுவப் பொறியாளராகத் திரும்பி வந்தார்.

அப்போது மேற்கே பாய்ந்த பெரியாற்றுத் தண்ணீர் கடலுக்குப் போனது. மலைக்கு இந்தப் பக்கம் கம்பம், மதுரை, ராமநாதபுரம் காய்ந்து கிடந்தன. ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, வைகைக்குத் திருப்பலாம் என்ற யோசனை பலருக்கும் முன்பே இருந்தது. செய்து முடித்தவர் இவர். 1886இல் திருவிதாங்கூருடன் 999 வருடக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 1887இல் வேலை ஆரம்பித்தது. வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போனது. மலேரியாவும் காலராவும் தொழிலாளர்களைக் கொன்றன. சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய 155 அடி அணை 1895இல் திறக்கப்பட்டது.

சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் இது சென்னை மாகாண அரசு நிதி ஒதுக்கிய திட்டம். அந்தக் காட்டில் எட்டு வருடம் விடாமல் நின்றதே போதாதா? செத்துப்போன கூலித் தொழிலாளர்களின் பேரை யாரும் பிள்ளைகளுக்கு வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1911இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் இறந்தார். அங்கே அவருக்குச் சிலை வந்தது 2022இல்தான். லோயர் கேம்பில் 2013லேயே மணிமண்டபம் வந்துவிட்டது. அவர் பிறந்தநாளும் பொங்கலும் ஒட்டியே வருவதால், லீவுக்கு ஒரகடத்திலிருந்து பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்கிறவர்களுக்கு அங்கே இரண்டாவதாக ஒரு பொங்கல் பானையும் காத்திருக்கும்.