நூலைத் திருகிக் காந்தத்தை அளந்த தமிழர்



ஆட்டையாம்பட்டி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கை முறுக்குதான். எங்கள் வீட்டிலோ முறுக்கு என்றால் நூல் முறுக்கு. அப்பா விசைத்தறி ஓட்டுபவர். நூலில் முறுக்கு அதிகமானால் ஒரு கட்டத்தில் சட்டென்று சுருண்டுகொள்ளும் என்பது எனக்குச் சின்ன வயசிலேயே தெரியும். அதே மாதிரி ஒரு சங்கதியை வைத்து உலகப் புகழ் பெற்ற தமிழர் ஒருவர் உண்டு என்பது, பாலிடெக்னிக் வந்து நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது. அவர்தான் கே.எஸ்.கிருஷ்ணன்!

1898 டிசம்பர் 4ஆம் நாள், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தார் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். பிறகு அதே கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. ஆமாம் நண்பர்களே, நம்ம லேப்பில் செய்முறை காட்டுகிறார்களே, அதே வேலைதான்! மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். எந்தச் சந்தேகமும் கேட்கலாம். வேறு கல்லூரிப் பையன்களும் வந்து உட்கார்ந்தார்களாம்.

அதோடு அவர் நின்றுவிடவில்லை. 1920ல் கல்கத்தாவுக்குப் போனார். 1923ல் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது கூடவே நின்று உழைத்தவர் கிருஷ்ணன். அதே ஆண்டு மார்ச் 31ல் நேச்சர் இதழில் வந்த குறிப்பில் ராமன் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது. ஆனால் 1930ல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வந்தது. விளைவுக்கும் ராமன் பெயர்தான் நிலைத்தது.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? டீக்கடையில் உட்கார்ந்து புலம்பியிருப்போம்! கிருஷ்ணனோ அதற்கு முன்பே, 1928 டிசம்பரில், டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகப் போய்விட்டார். அங்கே ஒளியை விட்டுப் புதிதாக ஒரு துறையைக் கையில் எடுத்தார். அதுதான் படிகங்களின் காந்தத் தன்மை.

படிகம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி காந்தப்படுவதில்லை. ஒரு திசையில் கூடுதல், இன்னொரு திசையில் குறைவு. இந்த வித்தியாசம் மிக மிகச் சிறியது. இதை எப்படி அளப்பது? மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்றில் சின்னப் படிகத்தைக் கட்டி, காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே தொங்கவிட்டார். காந்தப் புலம் படிகத்தைத் தனக்குப் பிடித்த திசையில் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது இழையின் மேல் நுனியை மெதுவாகத் திருக வேண்டும். முறுக்கு ஏறும், ஏறும்... படிகம் லேசாகத்தான் அசையும். ஒரு குறிப்பிட்ட கோணம் வந்ததும் காந்தத்தின் பிடி விட்டுப்போய்ச் சட்டென்று சுழன்றுவிடும்! அந்தக் கோணத்தைக் குறித்துக்கொண்டால் போதும், கணக்குப் போட்டு விடை சொல்லிவிடலாம். காந்தப் புலத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் அதன் பிடி நான்கு மடங்கு ஆகும்.

நம் வீட்டில் துணிகளுக்கு நடுவே போடும் அந்துருண்டை இருக்கிறதே, அந்த நாப்தலீன் படிகத்தையும் இப்படி ஆராய்ந்தார்கள். படிகத்துக்குள்ளே தட்டையான மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்பதை வெளியிலிருந்தே சொன்னார்கள். கண்ணுக்குத் தெரியாததை ஓர் இழை சொல்லிக் கொடுத்தது! 1933ல் கல்கத்தாவுக்குப் பேராசிரியராகத் திரும்பிய பிறகு, நம் விவசாயிகளுக்குத் தெரிந்த மயில்துத்தத்தையும் அவர் விடவில்லை.

இங்கே இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இசிடோர் ராபி. அவரும் 1898ல் பிறந்தவர்தான். அவருடைய முதல் ஆராய்ச்சியும் படிகங்களின் காந்தத் தன்மை பற்றியதே. 1938ல் அவர் மூலக்கூறுகளைக் கற்றையாகப் பாயவிட்டு, வானொலி அலையின் அதிர்வெண்ணை மாற்றாமல் வைத்து, காந்தப் புலத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். ரேடியோவில் குமிழைத் திருகி ஸ்டேஷன் பிடிப்பது போல! ஒரு குறிப்பிட்ட புலத்தில் கற்றை சட்டென்று குறைந்தது. அதுதான் காந்த ஒத்ததிர்வு. 1944ல் ரஷ்யாவின் சவாய்ஸ்கி இதே மாதிரி புலத்தை மாற்றிச் செம்பு, மாங்கனீஸ் உப்புகளில் எலக்ட்ரான் ஒத்ததிர்வைக் கண்டார். இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது டக் டக்கென்று கேட்கும் சத்தமும், உள்ளே காந்தப் புலத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதால் வருவதுதான்.

ஒத்ததிர்வைக் கிருஷ்ணன் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் உப்புப் படிகங்களுக்குள் அணுக்கள் எப்படிப்பட்ட சூழலில் இருக்கின்றன என்பதற்கு அவர் கொடுத்த அளவுகள், பின்னால் வந்தவர்களுக்குப் பாதை போட்டுத் தந்தன.

1940ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1942ல் அலகாபாத்தில் பேராசிரியர், 1947ல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1954ல் பத்மபூஷண், 1958ல் முதல் பட்நாகர் பரிசு என்று பெருமைகள் தேடி வந்தன. தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1961 ஜூனில் மறைந்தார்.

நண்பர்களே, ஓர் உண்மையைச் சொல்கிறேன். முதலாண்டு லேப்பில் நான் விடையைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற மாதிரி ரீடிங் எழுதியிருக்கிறேன். முழு மார்க்கும் வந்தது. அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் அல்லவா, அவர்களுக்கு மார்க் மட்டும்தான் தெரியும். கிருஷ்ணனைப் பற்றிப் படித்த அன்றைக்கு அந்த மார்க் எனக்குச் சுட்டது. அந்த இழை சுழலும்வரை பொறுக்காமல் அவரும் குத்துமதிப்பாக ஒரு கோணத்தை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

டிப்ளமோதானே என்று ஊரில் சொல்வார்கள், சொல்லட்டும். கருவியைக் கையால் தொட்டுப் படிப்பவர்கள் நாம். பார்த்ததை மட்டும் எழுதுவோம். தப்பாக வந்தாலும் பரவாயில்லை, திரும்பவும் திருகுவோம்!

— இரண்டாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை