ஓவியர் ஹார்னெட்

கைத்தொழிலைத் தாழ்வென்று எண்ணுவார் பொருட்டு ஓவியர் வில்லியம் ஹார்னெட்டின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம். இவர் 1848-ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்தில், செருப்புத் தைக்கும் தொழிலாளர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். கொடும்பஞ்சத்தால் மக்கள் பெருவாரியாய் வெளியேறிய அக்காலத்தில் இவர் குடும்பமும் அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரிற் குடியேறிற்று.

ஹார்னெட் பகலில் வெள்ளிக்கலங்களிற் சித்திரஞ் செதுக்கிப் பொருளீட்டினார். இரவில் ஓவியம் பயின்றார். உருவெழுத ஆளை அமர்த்திக் கூலி கொடுக்க இயலாமையால், புகைக்குழாய், குவளை, பழநூல் முதலிய எளிய பொருள்களையே வரைந்தார். செதுக்குளியிற் பழகிய கையின் நுட்பம் தூரிகையிலும் விளங்கிற்று. அவர் எழுதிய ஐந்து டாலர் நோட்டின் படத்தைக் கண்டு ஐயுற்ற அரசாங்கத்தார், 1886-இல் அவரை விசாரித்து எச்சரித்து விடுத்தனர்.

1885-இல் அவர் பாரிஸில் எழுதிய ‘வேட்டைக்குப் பின்’ என்னும் படம் நியூயார்க்கு மதுச்சாலையொன்றில் தொங்கியது. பொதுமக்கள் திரண்டு வந்து வியந்தனர். விமரிசகர் பலரோ வெறுங் கண்கட்டு வித்தையென இகழ்ந்தனர். வாதநோயால் வருந்திய ஹார்னெட் 1892-இல் தம் 44-ஆம் வயதில் மறைந்தார். நெடுநாள் மறக்கப்பட்ட அவர் பெருமை 1935-க்குப் பின்னரே மீண்டும் துலங்கிற்று. மதுச்சாலையில் தொங்கிய படம் இன்று சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் கலைக்கூடத்தை அணிசெய்கின்றது.

பிழைப்புக்குக் கற்ற தொழிலே இவர் புகழுக்கும் வித்தாயிற்று. நம் இளைஞர் இதனை உளங்கொள்வாராக.