கிளிஞ்சல் வணிகரின் மகன்

சாங்கி விமான நிலையத்திலிருந்து புறப்படும் விமானங்கள், முன்னொரு காலத்தில் வீட்டு விளக்குகளை எரித்த எண்ணெயின் ஒரு வகையைக் கொண்டே பறக்கின்றன. அதுதான் மண்ணெண்ணெய். சுமார் 130 ஆண்டுகளுக்கு முன்பு அதை மலிவாக ஆசியாவுக்குக் கொண்டுவர ஒருவர் துணிந்து முயன்றார். அவர் பெயர் மார்க்கஸ் சாமுவேல்.

மார்க்கஸ் 1853ஆம் ஆண்டு லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தை கீழை நாடுகளிலிருந்து கடற்கிளிஞ்சல்களை வரவழைத்து, அவற்றால் அலங்கரித்த சிறு பெட்டிகளை விற்றார். தந்தைக்குப் பின் மார்க்கஸும் அவருடைய தம்பியும் வணிகத்தை விரிவாக்கினர். ஆசியத் துறைமுகங்களில் அவர்களுக்கு நம்பிக்கையான கூட்டாளிகள் இருந்தனர்.

அக்காலத்தில் சிங்கப்பூரிலும் பல வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குகளே ஒளி தந்தன. அந்த எண்ணெய் அமெரிக்காவிலிருந்து டின்களில் அடைத்து, மரப்பெட்டிகளில் வைத்துக் கப்பலேற்றப்பட்டது. டின்னும் மரமும் கப்பலில் இடத்தை அடைத்தன, செலவும் கூடியது. 1890ஆம் ஆண்டு கருங்கடல் பகுதிக்குச் சென்ற மார்க்கஸ், அங்கே எண்ணெயைத் தொட்டிகளில் மொத்தமாக ஏற்றிச் செல்லும் கப்பல்களைக் கண்டார். அதே முறையில், சூயஸ் கால்வாய் வழியாக, ஆசியாவுக்கு ஏன் எண்ணெய் அனுப்பக்கூடாது என்று எண்ணினார்.

அது எளிய செயலன்று. வெயிலில் எண்ணெய் விரிவடையும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். கால்வாயில் ஒரு கப்பல் வெடித்தால் உலக வணிகமே தடைப்படும். ஆகவே கால்வாய் நிர்வாகம் இத்தகைய கப்பல்களை அனுமதிக்காமல் இருந்தது. மார்க்கஸ் ஒரு பொறியாளரைக் கொண்டு, எண்ணெய் விரிவடைய இடம்விட்ட தொட்டிகளுடன் புதிய கப்பலை வடிவமைத்தார். பாதுகாப்பு உறுதியானபின் அனுமதி கிடைத்தது. ‘மியூரெக்ஸ்’ என்று ஒரு கிளிஞ்சலின் பெயரைத் தாங்கிய அக்கப்பல், 1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சூயஸ் கால்வாயைக் கடந்து சிங்கப்பூரை நோக்கி வந்தது.

இங்கும் ஒரு தடை இருந்தது. தீ விபத்துக்கு அஞ்சி, நகரத்தில் எண்ணெயைச் சேமிக்க அரசாங்கம் இடம் தரவில்லை. அதனால் தெற்கே இருந்த புக்கோம் தீவில் எண்ணெய்த் தொட்டிகள் கட்டப்பட்டன.

ஆனால், விற்பனை எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. மக்கள் தங்கள் பாத்திரங்களைக் கொண்டுவந்து எண்ணெய் வாங்குவார்கள் என்று மார்க்கஸ் நினைத்திருந்தார். மக்களுக்கோ எண்ணெயைப் போலவே காலி டின்னும் தேவைப்பட்டது. அதைக் கொண்டு கூரை வேய்ந்தனர். பறவைக்கூண்டும் தேநீர் வடிகட்டியும் செய்தனர். தம் தவற்றை உணர்ந்த மார்க்கஸ், உடனே தகரத்தை ஆசியாவுக்கு அனுப்பி, இங்கேயே சிவப்பு நிற டின்கள் செய்ய வைத்தார். விற்பனை உயர்ந்தது. 1897ஆம் ஆண்டு தம் நிறுவனத்திற்குக் கிளிஞ்சலைக் குறிக்கும் ‘ஷெல்’ என்ற சொல்லையே பெயரில் சேர்த்தார்.

கச்சா எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக்கும்போது, அதிலுள்ள பொருள்கள் வெவ்வேறு வெப்பநிலையில் பிரிகின்றன. முதலில் எரிவாயு, பிறகு பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவை பிரியும். அடியில் கெட்டியான எரியெண்ணெய் தங்கும். மண்ணெண்ணெய்க்கே மதிப்பிருந்த அக்காலத்தில், அந்தக் கெட்டி எண்ணெய் நிலக்கரிக்குப் பதிலாகக் கப்பல்களை ஓட்டும் என்று மார்க்கஸ் வாதிட்டார். 1902ஆம் ஆண்டு ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் நடந்த சோதனையில் கரும்புகை சூழ்ந்து, முயற்சி தோற்றது. அவர் மனம் தளரவில்லை. பத்தே ஆண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படை எண்ணெய்க்கு மாறத் தொடங்கியது.

எனினும் அவர் எல்லாவற்றிலும் வெல்லவில்லை. 1902இல் லண்டன் மேயர் பதவியை ஏற்ற அவரால் வணிகத்தை முழுமையாகக் கவனிக்க இயலவில்லை. நிறுவனம் தளர்ந்தது. 1907ஆம் ஆண்டு அது ஒரு டச்சு நிறுவனத்துடன் இணைந்தபோது, மார்க்கஸ் தரப்பிற்கு நாற்பது விழுக்காடே கிடைத்தது. தாம் வளர்த்த தொழிலின் தலைமை பிறர் கைக்குப் போனது அவருக்குப் பெரும் வருத்தம் தந்தது. 1927ஆம் ஆண்டு அவர் காலமானார்.

அவர் தேர்ந்தெடுத்த புக்கோம் தீவில் 1961ஆம் ஆண்டு சிங்கப்பூரின் முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது. 2025இல் அது வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. இன்று உலகிலேயே மிக அதிகமாகக் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் துறைமுகம் சிங்கப்பூர்தான். லிட்டில் இந்தியாவின் கடைகளுக்கு வரும் பருப்பும் வெங்காயமும், அத்தகைய எரிபொருளில் ஓடும் கப்பல்களில்தான் கடல் கடந்து வருகின்றன. அவற்றைத் துறைமுகத்திலிருந்து கடைவாசலுக்குக் கொண்டுசேர்க்கும் பல லாரிகள் டீசலில் ஓடுகின்றன.