மணியாச்சியில் வெடித்த பெல்ஜியம் பிஸ்டல்: வாஞ்சிநாதனின் 25 வருஷம்

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை அருவிக்குக் குளிக்கப் போயிருக்கிறீர்களா? அந்த மலையடிவாரத்துப் பக்கம்தான் ஒரு காலத்தில் கொடைக்கானலுக்கு வாசல். கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு என்று பெயர். வெள்ளைக்காரர்களுக்கு அவ்வளவு நீளம் வாயில் நுழையவில்லை, ‘தோப்பு’ என்று சுருக்கிக்கொண்டார்கள். இன்றைக்குக் கொடைரோடு என்கிறோமே, அந்த அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டுவண்டியில் குலுங்கிக்கொண்டு தோப்புக்கு வர வேண்டும். அங்கிருந்து குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் தூக்கும் நாற்காலியிலோ மலையேற்றம். செண்பகனூர் வழியாகக் கொடை. கார் போகிற மலைச்சாலை எல்லாம் 1914-க்குப் பிறகு வந்த சமாச்சாரம்.

1911 ஜூன் 17-ம் தேதி, சனிக்கிழமை. கொடைக்கானலில் இருந்த தங்கள் பிள்ளைகளைப் பார்ப்பதற்காக ஒரு கணவனும் மனைவியும் திருநெல்வேலியில் ரயில் ஏறினார்கள். அவர்கள் கொடைரோடு வரைக்கும்கூட வந்து சேரவில்லை. மணியாச்சி ஜங்ஷனில் வண்டி மாறுவதற்காகக் காத்திருந்த சில நிமிடங்களில், முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறிய ஓர் இளைஞர் கணவரைச் சுட்டார். சுடப்பட்டவர் திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் டி’எஸ்கோர்ட் ஆஷ். சுட்டவர் வாஞ்சிநாதன்.

இந்தக் கதை உங்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். பாடப்புத்தகம் தவறவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. அந்தத் துப்பாக்கி. அது எந்த ஊர்ச் சரக்கு, ஏன் அது, வேறு ஏதாவது மலிவானதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வாஞ்சியின் கடைசி ஆறு மாதம் புரியும்.

செங்கோட்டைப் பையன்

வாஞ்சி பிறந்தது 1886-ல், செங்கோட்டையில். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். வீட்டில் வைத்த பெயர் சங்கரன். அப்பா ரகுபதி ஐயர், அம்மா ருக்மணி அம்மாள். திருவனந்தபுரத்தில் படித்தார், பொன்னம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார், புனலூரில் சமஸ்தானத்தின் வனத்துறையில் வேலை. ஒரு நடுத்தரக் குடும்பத்து அம்மா அப்பா ஆசைப்படுகிற எல்லாமே நடந்துவிட்டது. கவர்ன்மென்ட் வேலை வேறு.

ஆனால், பக்கத்து மாவட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908 மார்ச் 12-ம் தேதி அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். வ.உ.சி-க்கு இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருஷம் (மேல்முறையீட்டில் பிறகு குறைந்தது). அந்த நாள்களில் தூத்துக்குடியில் சப்-கலெக்டர் பொறுப்பில் இருந்தவர்தான் ஆஷ். 1910-ல் அவர் திருநெல்வேலி கலெக்டர் ஆனார். வ.உ.சி-யின் கப்பலை மூழ்கடித்தவர் என்று அவர் மேல் இளைஞர்களுக்குத் தீராத கோபம். நீலகண்ட பிரம்மச்சாரி என்ற பத்திரிகைக்காரர் தென்காசி, தூத்துக்குடி பக்கமெல்லாம் சுற்றி, இந்தக் கோபத்தை ஒரு ரகசியச் சங்கமாக மாற்றினார். பாரத மாதா சங்கம். காளி படம், குங்குமத் தண்ணீர், ரத்தக் கையெழுத்து, சத்தியப் பிரமாணம் என்று சினிமா மாதிரியே நடந்தது. வாஞ்சி அதில் சேர்ந்தார்.

சத்தியம் செய்தாயிற்று. கையில் என்ன இருக்கிறது?

முத்திரை இருந்தால் போதுமா?

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பேசலாம், ஏனென்றால் இதுதான் சுவாரஸ்யமான இடம்.

1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. லைசென்ஸ் கொடுப்பவர் மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர். ஆஷைச் சுட வேண்டுமென்றால் ஆஷிடமே போய் விண்ணப்பம் கொடுக்க வேண்டிய நிலைமை! ஆக, கள்ளச் சரக்குதான் வழி. கள்ளச் சரக்கில் தரம் பார்ப்பது எப்படி?

அன்றைக்கு உலகம் முழுவதும் மலிவான கைத்துப்பாக்கி என்றால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம்தான். வீட்டுக்கு வீடு பட்டறை. ஒருவர் குழல் கடைவார், இன்னொருவர் சுத்தியல் செய்வார், மூன்றாமவர் எல்லாவற்றையும் பூட்டித் தருவார். இங்கிலாந்தின் வெப்ளி கம்பெனி ‘புல்டாக்’ என்று ஒரு குட்டி ரிவால்வரை விட்டதும், லியேஜில் அதைப் பார்த்துப் பார்த்து ஏராளமாக அடித்துத் தள்ளினார்கள். விலை வெப்ளியைவிட ரொம்பக் குறைவு. பார்க்க அதே மாதிரி இருக்கும். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே வாங்குகிற ‘பிராண்டட்’ ஹெட்போன் ஞாபகம் வருகிறதா? அதேதான்.

அந்த ரிவால்வர்களில் ஒரு முட்டை வடிவ முத்திரை இருக்கும். லியேஜ் சோதனைக்கூடத்தின் முத்திரை. பலரும் அதைத் தரச் சான்றிதழ் என்று நினைத்து ஏமாந்தார்கள். வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்தோம், குழல் சிதறவில்லை என்பதற்கு மேல் அந்த முத்திரைக்கு அர்த்தம் கிடையாது. ஸ்பிரிங் எத்தனை நாளைக்கு உழைக்கும், விசையை இழுத்தால் குண்டு போகுமா என்பதற்கெல்லாம் அது பொறுப்பில்லை.

ரிவால்வரின் உயிர் அதன் சுழலும் உருளையில் இருக்கிறது. ஒவ்வொரு தடவை விசையை இழுக்கும்போதும் உருளை ஒரு கட்டம் சுழன்று, குண்டு இருக்கும் துளை குழலுக்கு நேராக வந்து ஆடாமல் நிற்க வேண்டும். மலிவான ரிவால்வரில் உள்ளே இருக்கும் பல்லும் பூட்டும் மட்டமான இரும்பு. கொஞ்ச நாளில் தேய்ந்துவிடும். உருளை லொடலொடவென்று ஆடும். துளையும் குழலும் மயிரிழை விலகினால் குண்டின் ஈயம் செதுக்கப்பட்டுச் சுடுபவர் பக்கமே தெறிக்கும். ஸ்பிரிங் தளர்ந்துபோனால் சுத்தியல் விழும், ‘டிக்’ என்று சத்தம் வரும், குண்டு வெடிக்காது. அளவு வேறு ஒரு தொல்லை. கடத்தி வந்த ரிவால்வர் ஒரு அளவு, கிடைத்த தோட்டா வேறு அளவு என்றால் எல்லாமே காயலான் கடைச் சரக்குதான். பழைய தோட்டா கடற்கரை ஈரத்தில் நமுத்துப் போவது தனிக்கதை.

வாஞ்சி கைக்கு வந்தது இந்த ரகம் இல்லை. அதுவும் பெல்ஜியம்தான், ஆனால் பிரௌனிங். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரரான ஜான் பிரௌனிங் வடிவமைத்து, லியேஜுக்குப் பக்கத்து ஊரான ஹெர்ஸ்டாலில் எஃப்.என். தொழிற்சாலை தயாரித்த தானியங்கி பிஸ்டல். இதில் சுழலும் உருளையே கிடையாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் வரிசையாக நிற்கும். ஒன்று வெடித்ததும் அந்த உதைப்பிலேயே காலிக் கூடு வெளியே போய், அடுத்தது தானாக மேலே வரும். தட்டையாக இருப்பதால் கோட்டுப் பைக்குள் வைத்தால் வெளியே தெரியாது. பட்டறை வேலை இல்லை, ஒரே தொழிற்சாலையில் ஒரே அளவில் செய்த பாகங்கள். முதல் உலகப்போர் தொடங்கும் முன்பே பத்து லட்சம் பிரௌனிங் பிஸ்டல்கள் அங்கிருந்து வெளியே போயிருந்தன.

இதை வாஞ்சி தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல முடியாது. அவருக்கு முன்னால் ஒரு வலைப்பின்னலே இந்தப் பாடத்தைப் படித்திருந்தது. லண்டனிலிருந்து சாவர்க்கர் 20 பிரௌனிங்குகளை இந்தியாவுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்றால்தான் 1909 டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார். அதே வருஷம் ஜூலையில் லண்டனில் கர்சன் வில்லியைச் சுட்ட மதன்லால் திங்ரா, தன் பிஸ்டலை ஒரு கடையில் காசு கொடுத்தே வாங்கி, மாதக்கணக்கில் குறி பழகியிருந்தார். அப்போது லண்டனில், அதே இந்தியா ஹவுஸ் வட்டத்தில் இருந்த திருச்சிக்காரர் வ.வே.சு.ஐயர். 1910-ல் தப்பித்துப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே பிரெஞ்சு ஆட்சி. பிரிட்டிஷ் ஆயுதச் சட்டமும் போலீஸும் எல்லையோடு நின்றுவிடும்.

1911-ன் தொடக்கத்தில் வாஞ்சி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போனார். ஐயரிடம் சுடப் பழகினார். இது முக்கியம். நல்ல துப்பாக்கியும் பழகாத கையில் தகரம்தான். தானியங்கி பிஸ்டல் என்றால் இன்னும் மோசம். பிடி தளர்வாக இருந்தால் காலிக் கூடு சிக்கிக்கொள்ளும். அந்தப் பதற்றத்தில் சரி செய்ய நேரமும் இருக்காது.

சில நிமிடங்கள்

மணியாச்சியில் எதுவும் சிக்கவில்லை. காலை பத்தரை மணி தாண்டியிருந்தது. தூத்துக்குடியிலிருந்து வர வேண்டிய வண்டிக்காக ஆஷும் அவர் மனைவி மேரியும் பெட்டிக்குள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். குண்டு ஆஷின் மார்பில் பாய்ந்தது. ஆள்கள் துரத்த, வாஞ்சி பிளாட்ஃபார்மில் இருந்த கழிப்பறைக்குள் ஓடினார். கூட வந்தவர் தப்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு வெடிச்சத்தம். வாயில் வைத்துத் தன்னையே சுட்டுக்கொண்டிருந்தார். வயது 25. ஆஷை அதே ரயிலில் திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போது வழியிலேயே உயிர் போய்விட்டது.

வாஞ்சியின் பையில் ஒரு கடிதம் இருந்தது. ஐந்து நாள் கழித்து லண்டனில் முடிசூடவிருந்த ஐந்தாம் ஜார்ஜுக்கு எதிரான சபதம், 3,000 பேர் காத்திருக்கிறார்கள் என்ற எச்சரிக்கை. அதோடு சனாதன தர்மம், மிலேச்சர், மாட்டிறைச்சி என்ற பேச்சும். இந்தக் கடிதத்தை மறைத்துவிட்டு வாஞ்சியைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, இதை மட்டும் காட்டித் திட்டுகிறவர்களும் உண்டு. என் பார்வையில் இரண்டும் அரைகுறை. வ.உ.சி-க்காகக் கொதித்த கோபமும் அந்தத் தாளில் இருக்கிறது, அக்கிரகாரத்தில் வளர்ந்த பார்வையும் இருக்கிறது. இரண்டையும் எழுதியது ஒரே கை. ஆஷ் ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணை அக்கிரகாரம் வழியாக வண்டியில் கொண்டுபோனதால்தான் கொல்லப்பட்டார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைக்கு மட்டும் ஆவணம் கிடையாது. ஃபார்வர்ட் பண்ணும் முன் யோசியுங்கள்.

துப்பாக்கி தன் வேலையைச் சரியாகச் செய்தது. சங்கத்துக்கு அதற்குப் பிறகு என்ன செய்வது என்ற திட்டமே இல்லை. 3,000 பேர் வரவில்லை. போலீஸ்தான் வந்தது, வீடு வீடாக. சங்கத்தைச் சேர்ந்த தர்மராஜ ஐயரும் வெங்கடேஸ்வர ஐயரும் தற்கொலை செய்துகொண்டார்கள். புதுச்சேரியில் பாரதி, ஐயர் வீட்டு வாசல்களில் உளவாளிகள் கூட்டம். 14 பேர் மேல் வழக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரணை நடந்து, 1912-ல் தீர்ப்பு. பொன்னம்மாள் சின்ன வயதிலேயே விதவை. மலைக்கு மேலே கொடைக்கானலில் அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகளைப் பற்றி நம் பக்கத்துக் கதைகளில் ஒரு வரிகூட வராது.

ஒரு சின்ன தகவல், கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு இந்தியாவில் தற்காப்புக்கு ரிவால்வர் வாங்க 1959-ம் வருஷச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், தேனிக்காரர்கள் கலெக்டர் ஆபீஸ் படிதான் ஏற வேண்டும். 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்காக என்று விளம்பரப்படுத்தி வெளியிட்ட அரைக்கிலோ எடையுள்ள ‘நிர்பீக்’ ரிவால்வர் விலை அப்போதே 1.22 லட்சம் ரூபாய். பட்ஜெட் பிராண்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

வாஞ்சிக்குக் குறி பழக்கிய வ.வே.சு.ஐயர் பிறகு ஆயுதப் பாதையை விட்டு காந்தி பக்கம் வந்தார். சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தி, அங்கே பிள்ளைகளைச் சாதி பார்த்துத் தனித்தனியாகச் சாப்பிட வைத்த விவகாரத்தில் பெரியாரோடு மோதி, 1925-ல் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் இறந்தார். வழக்கின் முதல் குற்றவாளி நீலகண்ட பிரம்மச்சாரி. கொலை நடந்தபோது மணியாச்சி பக்கமே இல்லாத அவருக்குத்தான் அதிகபட்சமாக ஏழு வருஷக் கடுங்காவல். வெளியே வந்தவர் கடைசியில் கர்நாடகாவின் நந்தி மலைக்குப் போய்ச் சாமியாராகிவிட்டார். ஓம்கார் என்று பெயர். மணியாச்சி ரயில் நிலையத்துக்கு வாஞ்சியின் பெயரை வைத்தார்கள். நீலகண்டர் 1978 வரை அந்த மலையிலேயே இருந்தார்.