தொழிற் செம்மல் சுந்தரம் ஐயங்கார்

பொருளீட்டும் நோக்குடன் தொழில் தொடங்குவோர் உலகிற் பலர். தம் தொழிலில் உள்ள குறையைத் தாமே காணும் கண்ணும், அக்குறையின் வேரைத் தேடிக் களையும் உள்ளமும் படைத்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், டி. வி. எஸ். என்னும் மூன்றெழுத்தால் நாடறிந்த சுந்தரம் ஐயங்கார் ஆவார்.

நெல்லைச் சீமையில் மலையடிவாரத்தே அமைந்த திருக்குறுங்குடியில் 1877-ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். சட்டம் பயின்று சிலகாலம் வழக்கறிஞராக விளங்கினார். பின்னர் இருப்புப்பாதைத் துறையிலும் வங்கியிலும் அலுவல் புரிந்தார். திங்கள்தோறும் ஊதியம் தவறாமல் வந்தது. எனினும் அவர் உள்ளம் அதில் நிறைவு கொள்ளவில்லை. ஆதலின் அலுவலைத் துறந்து, 1911-இல் தம் பெயரால் ஒரு நிறுவனத்தைத் தொடங்கிப் பேருந்துத் தொழிலில் இறங்கினார். மதுரை அந்நிறுவனத்தின் நிலைக்களம் ஆயிற்று.

அந்நாளில் சிற்றூர் மக்கள் கால்நடையாகவோ மாட்டு வண்டியிலோதான் வெளியூர் செல்வர். இருப்புப்பாதை எல்லா ஊர்களையும் எட்டவில்லை. மோட்டார் வண்டியோ மக்களுக்குப் புதுமையானது. வழியில் அது நின்றுவிடின், சந்தைக்குச் செல்லும் வணிகரும் வழக்குமன்றத்துக்குச் செல்லும் குடியானவரும் நடுவழியில் தவிக்க வேண்டியதுதான். ஒருநாள் தவறிய வண்டியை மறுநாள் யார் நம்புவர்?

பயணி கொடுக்கும் கட்டணம் வண்டியில் அமரும் இடத்துக்கு மட்டும் உரியதன்று. குறித்த வேளையில் ஊர் சேர்வதற்கும் உரியது என்பதைச் சுந்தரம் ஐயங்கார் நன்குணர்ந்தார். ஆதலின் காலந்தவறாமையைத் தம் தொழிலின் உயிராகக் கொண்டார். அவருடைய பேருந்து வருவதைப் பார்த்தே வழியோர ஊர்களில் மக்கள் தம் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வர் எனப் பெரியோர் சொல்லிவந்தனர்.

காலந்தவறாமை ஆணையிட்டு மட்டும் வருவதன்று. வண்டி ஏன் தாமதிக்கிறது என்று ஆராய்ந்தால் காரணம் பெரும்பாலும் மிகச் சிறியதாக இருக்கும். மாடுகளின் குளம்பிலிருந்து கழன்ற லாட ஆணிகள் சாலையெங்கும் சிதறிக் கிடந்தன. அவை பேருந்தின் டயர்களைத் துளைத்தன, பயணம் தடைப்பட்டது. ஓட்டுநரைக் கடிவதால் என்ன பயன்? டயரை விரைந்து மாற்றப் பழகினாலும் ஆணி சாலையிலேயே கிடக்குமன்றோ? காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணிகளை வாரி எடுக்கச் செய்தார் சுந்தரம் ஐயங்கார். துளைபட்ட டயரை ஒட்டுவது நோய்க்கு மருந்து. ஆணியையே அகற்றுவது நோய் வாராமற் காப்பு.

இரண்டாம் உலகப்போர் அவருக்குப் பெருஞ்சோதனையாக வந்தது. பெட்ரோல் அருகிப் பங்கீட்டுப் பொருளாயிற்று. பேருந்துகள் நின்றால் மக்களின் போக்குவரத்து முடங்கும்; தொழிலாளர் குடும்பங்கள் வாடும். சுந்தரம் ஐயங்கார் கைகட்டி அமர்ந்திலர். மரக்கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கலத்தைச் செய்து வண்டிகளுக்கு உதவினார். போதிய காற்றில்லாமல் கரி எரியும்போது, தீப்பற்றும் இயல்புடைய ஒரு வாயு பிறக்கும். அதனைக் குளிரச் செய்து, சாம்பலும் தூசியும் நீங்க வடிகட்டி எந்திரத்துட் செலுத்தினால் வண்டி ஓடும். பெட்ரோல் தரும் வலிமையை அது தராது. எனினும் நின்றுபோகும் வண்டியினும் மெல்லச் செல்லும் வண்டி மேலன்றோ?

1942-இல் மலேயா நாடு ஜப்பானியர் கைப்பட்டதும் உலகெங்கும் ரப்பருக்குத் தட்டுப்பாடு மிகுந்தது. சுந்தரம் ஐயங்கார் தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் தொழிற்சாலையை நிறுவினார். தேய்ந்த மேற்பரப்பின்மீது புதிய ரப்பரைப் படியவைத்து, வெப்பத்தால் இறுகச் செய்யும் முறை அது. எறியப்பட வேண்டிய டயர் மீண்டும் சாலைக்கு வந்தது.

அவருடைய உள்ளத்துறுதி இல்லத்திலும் விளங்கியது. மகள் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்கள் வீட்டின் மூலையில் முடங்கியிருந்த அக்காலத்தில், மகளை அவர் மருத்துவக் கல்வி பயிலச் செய்தார். மருத்துவர் சௌந்தரம் பின்னாளில் தம் கணவர் இராமச்சந்திரனுடன் 1947-இல் காந்திகிராமத்தை நிறுவி ஊரகத் தொண்டாற்றினார்.

முதுமையில் தொழிற்பொறுப்பை மைந்தரிடம் ஒப்படைத்த சுந்தரம் ஐயங்கார், 1955-இல் மறைந்தார். 1970-களின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் பேருந்துகள் அரசுடைமை ஆயின. எனினும் அவர் வளர்த்த தொழில்நெறி மறையவில்லை.

சேக்காடு, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களின் வழியே சென்னை நோக்கி வரும் நெடுஞ்சாலை பாடியை அடைகிறது. அங்கே 1960-களில் அவருடைய வழியினர் மோட்டார் வண்டிகளுக்கு வேண்டிய சக்கரம், தடுப்புக் கருவி, மின்கருவி முதலியன செய்யும் ஆலைகளை அமைத்தனர். அவற்றுள் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் தடுப்புக் கருவிப் பிரிவு, தரத்துக்காக ஜப்பானியர் வழங்கும் டெமிங் பரிசை 1998-இல் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசை வென்றது அதுவே முதன்முறை. டெமிங் என்பார் அமெரிக்க அறிஞர். செய்து முடித்த பொருளிற் பழுதானதைப் பொறுக்கி எறிவது தரமாகாது. பழுது தோன்றும் செய்முறையையே திருத்த வேண்டும் என்பது அவர் ஜப்பானியர்க்குக் கற்பித்த நெறி. மதுரைச் சாலையில் ஆணி பொறுக்கிய காந்த வண்டியின் கருத்தும் அதுவே.

மாணவர்களே! கணக்கு பிழைபட்டால் விடையை மட்டும் அழித்துத் திருத்துதல் எளிது. எந்தப் படியில் பிழை புகுந்தது என்று தேடிப் பாருங்கள். அங்ஙனம் தேடும் பழக்கம் வாய்த்தவர், எத்தொழிலை மேற்கொண்டாலும் பிறர் நம்பும் தகுதியை அடைவர்.