அடோல்ஃப் கெத்லே: பிறப்பின் பருவத்தை எண்ணியவர்

இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1796இல் பிறந்த அடோல்ஃப் கெத்லே, பிரஸ்ஸல்ஸ் வானாய்வகம் அமையக் காரணமாயிருந்த வானியலாளர். வானின் ஒழுங்கைக் கணித்த அவர் 1820களில் மக்கட்பிறப்பின் ஒழுங்கையும் ஆராயத் தொடங்கினார். பிறப்புப் பதிவுகளை மாதவாரியாகத் தொகுத்து, பிறப்பு பிப்ரவரியில் மிகுதலையும் ஜூலையில் குறைதலையும் கண்டார். 1835இல் வெளியிட்ட மனிதனைப் பற்றிய பெருநூலில் அதனை விளக்கினார். 1874இல் மறைந்தார்.

சித்திரை வெயிலில் மகப்பேறு நேராதிருக்கவே ஆடியில் புதுமணமக்களைப் பிரித்துவைப்பர் என்பது தமிழகத்தில் கூறப்படும் காரணம். அவ்வழக்கம் பயன் தந்ததா என்பதைக் கெத்லேயின் வழியில் ஆராயலாம். ஆயின் பதிவேடுகள் ஆங்கில மாதத்தைப் பின்பற்றுவன. சித்திரையோ ஏப்ரல், மே எனும் இரு மாதங்களில் பிரிந்து நிற்பது. ஆதலின் பொன்னமராவதி வட்டாரப் பதிவேடுகளை ஆராய்வோர் மாதத்தொகையை விடுத்து, நாள்வாரியாக எண்ணிப் பல்லாண்டுச் சராசரியோடு ஒப்பிடுதல் வேண்டும்.