கல்லில் கடல் கண்டவர்

தண்ணீர் இல்லாமல் தோட்டமா? வேலூரிலோ ஆம்பூரிலோ இப்படிக் கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆண்டில் பல மாதம் பாலாறு வெறும் மணலாகக் கிடக்கும் சீமை அல்லவா இது! ஆனால் மணலையே கடலாகவும் கல்லையே மலையாகவும் பாவித்துத் தோட்டம் அமைக்கும் கலை ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அதற்குப் புத்துயிர் ஊட்டியவர் மிரெய் ஷிகெமோரி.

1896-ம் ஆண்டு ஒகயாமா மாகாணத்தில் பிறந்த அவர், இளமையில் ஓவியம் பயின்றார். மலர் அலங்காரமும் தேநீர்ச் சடங்கும் கற்றார். உழவர் வாழ்வைத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் மியேயிடம் கொண்ட பக்தியால், கஸுவோ என்ற தம் பெயரையே மிரெய் என மாற்றிக்கொண்டார். கலைக்கென ஒரு கல்லூரி காண டோக்கியோவில் முயன்றார். 1923-ம் ஆண்டுப் பூகம்பம் அந்தக் கனவைத் தகர்த்தது. 1929-ல் கியோட்டோ நகருக்குக் குடியேறினார்.

1934-ல் பெரும் புயல் ஒன்று வீசியது. கியோட்டோவின் பழந்தோட்டங்கள் பல சிதைந்தன. பழைய அமைப்பு இன்னதென்று அறிய வரைபடம் வேண்டுமே! ஷிகெமோரி புறப்பட்டார். நாடெங்கும் சுற்றி, நூற்றுக்கணக்கான தோட்டங்களை அளந்து வரைந்தார். அந்த உழைப்பு 26 தொகுதிகள் கொண்ட நூலாக வெளிவந்தது.

இவ்வளவு பழமையைக் கற்றவர் பழமையைப் பிரதி எடுப்பார் என்றுதானே நினைப்போம்? அவரோ நேர்மாறாகச் செய்தார். முன்னோர் தம் காலத்துக்குப் புதுமை செய்தவர்கள். நாமும் அப்படியே செய்வதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பது அவர் கொள்கை.

1939-ல் கியோட்டோவின் தோஃபுகுஜி மடத்தில் அதற்கு வாய்ப்பு வந்தது. மடத்தில் பணம் இல்லை. ஊதியம் வேண்டாம், தம் விருப்பப்படி செய்ய விட்டால் போதும் என்றார். மடம் விதித்த நிபந்தனை ஒன்றே: அங்குள்ள பழைய பொருள் எதையும் வீணாக்கக் கூடாது. நடைபாதையிலிருந்து பெயர்த்த சதுரக் கற்களைப் பச்சைப் பாசியின் நடுவே சதுரங்கக் கட்டம்போல் பதித்தார். போகப் போகக் கட்டங்கள் அருகிப் பாசியில் மறைந்துவிடும். மிஞ்சிய ஏழு அடித்தூண் கற்கள், மணல் வெளியில் சப்தரிஷி மண்டலமாக நின்றன!

பிறகு புகழ் தேடி வந்தது. கோயில்கள் மட்டுமல்ல, குடும்பத்தார் வாழும் வீடுகளும் அவரை அழைத்தன. வீட்டு முற்றங்களில் ஓங்கி நிற்கும் பாறைகளை நட்டார். சிமெண்டையும் வண்ண மணலையும் கொண்டு அலை வளைவுகள் வரைந்தார். பாரிஸ் யுனெஸ்கோ தோட்டத்துக்குக் கல் தேடி வந்த சிற்பி இசாமு நொகுச்சிக்கு 1957-ல் கல் தேர்ந்து கொடுத்தவரும் இவரே. சுமார் 200 தோட்டங்கள் அமைத்து, 1975-ல் காலமானார்.

நம் ஊர்களில் பழைய வீட்டை இடிக்கும்போது வாசற்படிக் கல்லும், தூணின் அடிக்கல்லும், தேய்ந்த அம்மியும் குப்பையோடு போகின்றன. புதுத் தோட்டத்துக்காக ஆற்று மணலை அள்ள வேண்டியதில்லை; தண்ணீர் லாரியை எதிர்பார்க்கவும் வேண்டாம். தாத்தா மிதித்த கல் ஒன்றைப் பேரன் வீட்டு முற்றத்தில் நிறுத்தினால் போதும். அதைத்தான் ஷிகெமோரி செய்தார்.